மண்டபத்துக்குத் தூக்கிப் போகும் கணினி: ஒரு 18 லிட்டர் பெட்டியின் கதை

என் சித்தி மகன் பெரம்பூரில் இருக்கிறான், தொழில் கல்யாண வீடியோ. காலை முகூர்த்தத்தை அன்று மாலை வரவேற்பிலேயே ஐந்து நிமிடப் படமாகத் திரையில் ஓட்டிக் காட்டும் ‘சேம் டே எடிட்’தான் இப்போது அவனுக்குச் சோறு போடுகிறது. தாலி கட்டும் எட்டு மணிக்கும் மேடை விளக்கு எரியும் ஆறரைக்கும் நடுவே பத்து மணி நேரம் இருக்கிறது. பந்தி, தூக்கம், ‘எங்க பெரியம்மா ஒரு இடத்துலகூட வரலியே’ என்று வரும் திருத்தம் எல்லாம் அந்தப் பத்துக்குள்தான்.

வீட்டில் 2021-ல் வாங்கிய பெரிய டவர் ஒன்று: எட்டு கோர் ஏஎம்டி ரைசன் புராசஸர், 32 ஜிபி ராம், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு. மண்டபத்துக்கு எடுத்துப் போவது ஒரு லேப்டாப். மண்டபத்தில் வீடியோகாரர்களுக்கு ஒதுக்கும் அறை பெரும்பாலும் சமையல்கட்டை ஒட்டித்தான் இருக்கும், ஏசி இருக்காது. அங்கே லேப்டாப் பத்து நிமிடத்தில் கொதித்துப்போய் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டையும் தள்ளிவிட்டு, வீட்டு மேஜையிலும் கார் டிக்கியிலும் அடங்கும் ஒரே மிஷின் வேண்டும் என்று வந்தான். வேலை இல்லாத இரவுகளில் 27 அங்குல 1440பி திரையில் கேம் ஆடவும் வேண்டும். மானிட்டர் நீங்கலாக இரண்டரை லட்சம் ரூபாய். 2025 ஆடி மாதம் அது. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் பிரித்துப் போட்டு நிதானமாகக் கட்ட நேரம் இருந்தது. ஆடித் தள்ளுபடி கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கிடையாது என்பதும் அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

கையில் ஒரு பட்டியலோடுதான் வந்தான். ரைசன் 7 9800எக்ஸ்3டி, ஃப்ராக்டல் டெர்ரா பெட்டி, அதற்குள் நுழையும் அளவில் கிடைக்கிற பெரிய கார்டு. கேம் ஆடுபவனுக்கு அது அருமையான பட்டியல். அந்த புராசஸரின் 96 எம்பி எல்3 கேஷ் (சில்லுக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) கேமில் காட்டும் வித்தியாசம் நிஜம். ஆனால் இந்த மிஷினுக்குச் சம்பளம் தரப்போவது கேம் இல்லை.

கோளாறு எங்கே என்று பார்த்தோம்

பட்டியலைத் தொடாமல் முதலில் பழைய டவரை ஓடவிட்டேன். போன வைகாசிக் கல்யாணம் ஒன்றின் டைம்லைன், மூன்று கேமரா ஒரே நேரத்தில். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் பிளே அழுத்தினால் படம் விக்கி விக்கி ஓடியது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் புராசஸர் நூற்றுக்கு நூறு. கிராஃபிக்ஸ் கார்டில் ‘வீடியோ டீகோட்’ என்ற கட்டம் மட்டும் செத்த பாம்பாய்க் கிடந்தது.

“கார்டு பழசாயிடுச்சு, அதான் அண்ணா.”

“கார்டு வேலையே செய்யலைடா. செய்யாத ஆளை மாத்தி என்ன பண்ணப் போறே?”

அவனுடைய சோனி ஏ7 IV கேமராவில் 4கே, 50 ஃபிரேம், எச்.265 (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை), 10 பிட், 4:2:2 என்ற அமைப்பில் எடுக்கிறான். கடைசியில் இருக்கிற அந்த 4:2:2-தான் வில்லன். நிறத் தகவலைச் சாதாரண 4:2:0 வீடியோவைவிட இரு மடங்கு வைத்திருப்பதால், பட்டுப்புடவையின் அரக்கையும் ஜரிகையையும் பின்னால் திருத்தும்போது நிறம் பிசிறாது. ஆகவே அதை விடவும் முடியாது. ஆனால் அந்த வகை எச்.265-ஐ விரிக்கும் வன்பொருள் என்விடியாவின் 30 வரிசையிலும் 40 வரிசையிலும் கிடையாது. ரைசனுக்குள் இருக்கும் குட்டி கிராஃபிக்ஸிலும் கிடையாது. இன்டெல் புராசஸர்களுக்குள் இருக்கும் குவிக் சிங்க் என்ற வீடியோ எஞ்சினில் 11-ஆம் தலைமுறையிலிருந்து உண்டு. என்விடியாவில் 2025 தொடக்கத்தில் வந்த 50 வரிசையில்தான் முதல்முறையாக வந்தது. இதெல்லாம் இல்லாத மிஷினில் புராசஸர் கோர்கள் அந்த வேலையைக் கையால் செய்கின்றன.

சந்தேகத்தை முடிக்க, அவன் நண்பனின் 12-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்பில் அதே கோப்பைப் போட்டோம். தனி கிராஃபிக்ஸ் கார்டுகூட இல்லாத மெலிந்த லேப்டாப் அது. ஒரு கேமரா ஓட்டம் விக்கல் இல்லாமல் போனது. தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிராக்சி எடுத்து வேலை செய்வது என்று ஒரு வழி உண்டு, செலவே இல்லாதது. கனமான கோப்புக்கு ஒரு லேசான நகல் எடுத்து, அதை வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் அசலை இணைப்பது. இரண்டு வாரம் கழித்துக் கொடுக்கும் முழுநீள வீடியோவுக்கு இதுவே போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம் என்றுதான் நானே சொல்லியிருப்பேன். சேம் டே எடிட்டில் நகல் எடுக்க நேரம் எங்கே இருக்கிறது?

புராசஸர்

ஆக இரண்டு வழி. ரைசனோடு 50 வரிசைக் கார்டு, அல்லது இன்டெலோடு ஏதோ ஒரு கார்டு. முதல் வழியில் ரைசன் 9 7900 எனக்கு மிகவும் பிடித்த சில்லு. 12 கோர், 65 வாட் என்று எழுதியிருக்கும், உச்சத்தில் 88 வாட்டில் நிற்கும், சின்னப் பெட்டிக்கென்றே செய்தது போல. அது உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது புதிய சில்லுகள் வரும் என்று ஏஎம்டி வாக்குக் கொடுத்திருக்கிறது. இன்டெலின் எல்ஜிஏ 1851 சாக்கெட்டுக்கு அப்படி நீண்ட ஆயுள் பேச்சு எதுவும் இல்லை.

இருந்தும் இன்டெலுக்குப் போனோம். காரணம் தம்பியின் பழக்கம். முகூர்த்த சீசன் நடுவில் எடிட்டிங் மென்பொருளை அவன் அப்டேட் செய்யவே மாட்டான். இந்தத் தொழிலில் பலரும் அப்படித்தான், நியாயமும்கூட. 50 வரிசைக் கார்டின் 4:2:2 வசதி வேலை செய்ய மென்பொருளும் புதிதாக இருக்க வேண்டும். குவிக் சிங்க் பல வருடமாக ஊறிப்போன விஷயம், பழைய பதிப்பிலும் ஓடும். அதோடு, மண்டபத்தில் கார்டு மக்கர் செய்தால்கூட புராசஸரின் சொந்த கிராஃபிக்ஸை வைத்து வெட்டி ஒட்டி முடித்துவிடலாம். மாலை ஆறரைக்குத் திரையில் ஏதாவது ஓடியாக வேண்டும் அல்லவா.

ரிச்சி தெருவில் ஒரு கடையில் 14-ஆம் தலைமுறை ஐ7-ஐத் தள்ளிவிடப் பார்த்தார்கள், விலையும் குறைவு. 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகள் மின்னழுத்தக் கோளாறால் காலப்போக்கில் நிலைகுலைந்ததும், 2024 ஆகஸ்டில் இன்டெல் மைக்ரோகோட் (சில்லுக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) திருத்தம் வெளியிட்டு வாரன்டியை இரண்டு வருடம் நீட்டியதும் ஊரறிந்த கதை. திருத்தம் வந்துவிட்டது, சரி. ஆனாலும் கூட்டம் கூடியிருக்கும் நாளில் நீலத்திரை காட்டினால் தம்பிதான் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று நடந்துவிட்டோம். எடுத்தது கோர் அல்ட்ரா 7 265கே. எட்டு பெரிய கோர், 12 சின்ன கோர்.

அது அடிப்படையில் 125 வாட், உச்சத்தில் 250 வாட். மதர்போர்டுகள் பெரும்பாலும் அந்த 250-ஐயே நிரந்தரமாகத் திறந்துவிடும். பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) இரண்டு வரம்பையும் 125-க்குக் கட்டினேன். 4:2:2-ஐ விரிப்பது சில்லுக்குள் இருக்கும் தனி எஞ்சின், அதற்கு இந்தக் கட்டுப்பாடு உறைக்கவே உறைக்காது. கேமிலும் புராசஸர் 125-ஐத் தொடுவது அபூர்வம்.

பெட்டி

தம்பிக்கு டெர்ராதான் வேண்டும். முகப்பில் வால்நட் மரப்பட்டை, 10.4 லிட்டர், பார்த்தால் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. லிட்டர் கணக்கு புரியாதவர்களுக்கு நம் வீட்டு 20 லிட்டர் தண்ணீர் கேன்தான் அளவுகோல். டெர்ரா அரை கேன். சாதாரண டவர் இரண்டு கேனுக்கு மேல்.

டெர்ராவின் உள்ளே நடுச்சுவர் நகரும். கார்டுக்கு 43 மி.மீ. தடிமன் விட்டால் புராசஸர் கூலருக்கு 77 மி.மீ. உயரம். கார்டு தடிக்கத் தடிக்கக் கூலர் குட்டையாகும். 50 மி.மீ. கார்டு போட்டால் கூலருக்கு மிஞ்சுவது 70. அந்த உயரத்தில் 125 வாட்டை அடக்கலாம் என்று சொல்பவர்கள் 21 டிகிரி அறையில் உட்கார்ந்து சொல்கிறார்கள். அறைச் சூடு எவ்வளவு ஏறுகிறதோ ஏறக்குறைய அதே அளவு சில்லுச் சூடும் ஏறும். அங்கே 80 காட்டினால், சமையல்கட்டுப் பக்கத்து அறையின் 36 டிகிரியில் 95 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்டை இன்னும் குறைத்தால் டெர்ராவிலும் கட்டலாம்தான். ஃபேன் சத்தமும் ரைசர் கேபிளும் மிச்சமிருக்கும். டெர்ராவில் கார்டு நேரடியாக போர்டில் உட்காராது, பட்டைக் கேபிள் வழியாகத்தான் இணையும். அந்தக் கேபிள் பிசிஐ (கார்டும் போர்டும் பேசும் பாதை) 4.0, 50 வரிசைக் கார்டு 5.0. பயாஸில் கையால் 4.0 என்று பூட்டாவிட்டால் சில சமயம் திரையே வராது.

கடைசியில் கூலர் மாஸ்டர் என்ஆர்200பி. 18.25 லிட்டர், ஒரு கேனுக்குச் சற்றுக் குறைவு. 155 மி.மீ. வரை கோபுரக் கூலர் நிற்கும், கார்டு நேராக போர்டில் உட்காரும், அடியில் இரண்டு, மேலே இரண்டு 120 மி.மீ. ஃபேன். 2020-ல் வந்த பெட்டி, அழகுப் போட்டிக்குப் போகாது. தம்பி முகம் தொங்கியது. “இது அரிசி டப்பா மாதிரி இருக்கு அண்ணா.” இருக்கட்டும். டிக்கியில் லைட் ஸ்டாண்டுகளுக்கு நடுவே போகிற பொருள்.

ஒரே ஒரு ஸ்லாட்

சின்னப் பெட்டிக்கான மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு 170 × 170 மி.மீ. வியா நிறுவனம் 2001-ல் கொண்டுவந்த அளவு, இன்றுவரை மாறவில்லை. அதில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒரே ஸ்லாட், ராமுக்கு இரண்டே இடம். சின்ன மிஷின் கட்டும் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பெரிய போர்டில் “இப்போ 32 போடு, அப்புறம் சேர்த்துக்கலாம்” என்று சொல்லலாம். இதில் அப்புறம் என்பது கிடையாது, சேர்க்க வேண்டுமென்றால் இருப்பதைக் கழற்றி விற்க வேண்டும். அதனால் முதலிலேயே 32 ஜிபி இரண்டு, மொத்தம் 64. அந்த வருடக் கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தபோது என்னை தீர்க்கதரிசி என்றான். சத்தியமாக அப்படியெல்லாம் இல்லை.

கேப்சர் கார்டு, வேகமான நெட்வொர்க் கார்டு எதுவும் இனி போட முடியாது என்பதை வாங்கும் முன்பே சொல்லி, சரி என்று வாயால் சொல்லவைத்தேன். நேரலை எடுக்கும் ஆளாக இருந்தால் மினி ஐடிஎக்ஸே வேண்டாம் என்றிருப்பேன். போர்டிலேயே இருக்கும் 2.5 கிகாபிட் வயர் அவன் நாஸுக்கு (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) போதும்.

எஸ்எஸ்டி விஷயத்தில் கடைக்காரர் புது 5.0 வகையைக் காட்டினார். கணக்குப் போட்டேன். அவன் கேமரா நொடிக்கு 200 மெகாபிட், அதாவது 25 எம்பி. மூன்று கேமரா சேர்ந்து ஓடினாலும் 75 எம்பி. சாதாரண 4.0 எஸ்எஸ்டி நொடிக்கு 7,000 எம்பி வரை படிக்கிறது. ஓடைத் தண்ணீருக்கு ஏரி மதகு வேண்டாம். வேகத்துக்குப் பதில் கொள்ளளவு வாங்கினோம். மணிக்கு 90 ஜிபி எழுதும் கேமரா மூன்று இருந்தால் இடம்தான் முக்கியம். 2 டிபி ஒன்று, 4 டிபி ஒன்று.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடம் இரண்டு, போர்டின் முன்பக்கம் இருப்பதற்கு ஹீட்சிங்க் உண்டு. இன்னொன்று போர்டின் முதுகில், காற்றே படாத இடத்தில். விண்டோஸ் இருக்கும் 2 டிபி-யை முன்னாலும், கல்யாணக் கோப்புகள் போகும் 4 டிபி-யை முதுகிலும் மாட்டினேன். கேமராவின் மெமரி கார்டிலிருந்து 300 ஜிபி ஒரே மூச்சில் இறக்கும்போது முதுகில் இருந்தது சூடேறி வேகம் சரிந்தது. மொத்த மிஷினையும் பிரித்து இரண்டையும் இடம் மாற்றி, பின்னதற்குத் தடிமனான தெர்மல் பேட் ஒட்டி மூடினேன். அரை நாள் வேலை. விண்டோஸ் இருக்கும் டிரைவ் எங்கே இருந்தாலும் கவலையில்லை, நீண்ட நேரம் எழுதப்படுகிற டிரைவ்தான் காற்றுப் பக்கம் இருக்க வேண்டும் என்பது மாட்டும்போது தோன்றவில்லை.

மூடாத கதவு

கார்டுக்கு 16 ஜிபி மெமரி வேண்டும் என்பதில் எங்களுக்குள் சண்டையில்லை. படத்தின் புள்ளிகளைத் துடைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் ஆளைத் தனியாகப் பிரிக்கும் மாஜிக் மாஸ்கையும் 4கே-யில் சேர்த்துப் போட்டால் 12 ஜிபி மூச்சு வாங்கும். அதனால் ஆர்டிஎக்ஸ் 5070 கழன்றது. மிஞ்சியவை 180 வாட்டில் 5060 டிஐ 16 ஜிபி, 300 வாட்டில் 5070 டிஐ. சின்னதற்கு மெமரிப் பாதை 128 பிட், பெரியதற்கு 256. கார்டில் கணக்குப் போடும் குடா கோர் 4,608-க்கு எதிரே 8,960. வேலைக்கு மட்டும் என்றால் சின்னதையே எடுத்திருப்பேன். 1440பி-யில் மூன்று நான்கு வருடம் கேமும் ஆட வேண்டும் என்றதால் பெரியதற்குப் போனோம். இதில் கொஞ்சம் ஆசையும் கலந்திருக்கிறது, மறுக்கவில்லை.

என்ஆர்200பி-யில் கார்டின் நீளத்துக்கு 330 மி.மீ. உண்டு. கடையில் தம்பி டேப்பை எடுத்து நீளத்தை அளந்தான், 300-க்குச் சற்று மேல். நான் தடிமனைப் பார்த்தேன், அதுவும் சரி. ஐந்து நிமிடத்தில் பில். வீட்டில் மாட்டினால் உள்ளே அழகாக உட்கார்ந்தது, மின்கேபிளும் செருகியாயிற்று. பக்கக் கதவு மட்டும் மூடவில்லை.

பார்க்காமல் விட்ட மூன்றாவது அளவு அகலம், ஸ்லாட்டிலிருந்து பக்கக் கதவை நோக்கி கார்டு நீளும் தூரம். பெட்டி அதற்கு விடுவது கேபிளையும் சேர்த்து 156 மி.மீ. எங்கள் கார்டு மட்டுமே 140. 12வி-2×6 என்ற புது மின் இணைப்பில் கேபிளைச் செருகிய இடத்திலேயே மடக்கக் கூடாது, மூன்று, மூன்றரை செ.மீ. நேராக விட்டுத்தான் வளைக்க வேண்டும். அது சரியாக உட்காராமல் உருகிய கார்டுகளின் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். “அமுக்கி மூடிடலாமா அண்ணா?” என்றான். 85 ஆயிரம் ரூபாய்ப் பொருளை அமுக்கி மூடுவதா! வளைந்த அடாப்டர் போடலாம் என்று கடையில் சொன்னார்கள், அதுவும் எனக்கு ஒப்பவில்லை. 18 சதவீத ஜிஎஸ்டி போட்ட முறையான பில் கையில் இருந்ததால் மறுநாள் மாற்றித் தந்தார்கள், கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டே.

மாற்றி எடுக்கும்போது கண் தேடியது ‘எஸ்எஃப்எஃப் ரெடி’ என்ற, சின்னப் பெட்டிக்கு ஏற்றது எனச் சொல்லும் அடையாளம். 2024 ஜூனில் என்விடியா கொண்டுவந்த அளவுக் கட்டுப்பாடு அது: நீளம் 304, தடிமன் 50, கேபிள் வளைவையும் சேர்த்து அகலம் 151 மி.மீ. இதற்குள் அடங்கினால்தான் அந்தப் பெயர் கிடைக்கும். 151-ல் அடங்கும் கார்டு 156-ல் நிம்மதியாக மூடியது. கார்டு 50 மி.மீ.க்குள் நின்றதால் அடியில் முழுத் தடிமன் ஃபேன்களுக்கும் இடம் கிடைத்தது. பிறகு மென்பொருளில் மின்வரம்பை 80 சதவீதமாக்கி 240 வாட்டுக்கு இறக்கினேன். கேமில் சில ஃபிரேம்கள் குறைந்தன, தம்பி கண்டுபிடிக்கவில்லை. ஃபேன் சத்தம் குறைந்ததை மட்டும் உடனே கண்டுபிடித்தான்.

கரண்ட்

பவர் சப்ளை எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன அளவில், 125 × 63.5 × 100 மி.மீ., 850 வாட். 5070 டிஐ-க்கு என்விடியா பரிந்துரைப்பது 750. எங்கள் கட்டுப்பாட்டில் மொத்த மிஷினும் உச்சத்தில் 425 வாட்டைச் சுற்றித்தான் இழுக்கும். பின்னே 850 எதற்கு? சின்ன பவர் சப்ளையின் ஃபேனும் சின்னது, பாதிச் சுமையில் ஓடினால் அது கத்தாது. கார்டுக்கு நேரடிக் கேபிள் பெட்டியிலேயே வந்தது, அடாப்டர் வாலைச் சுருட்டி ஒளிக்க வேண்டிய பாடு இல்லை.

மண்டபத்தில் இதைவிடப் பெரிய பிரச்சினை ஜெனரேட்டர். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்த சில நொடிகளில் லேப்டாப் பேட்டரியில் பிழைத்துக்கொள்ளும், இது படுத்துவிடும். யூபிஎஸ் வேண்டும். விலை மலிந்த யூபிஎஸ் தருவது சைன் அலை இல்லை, படிக்கட்டு போன்ற அலை. ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தை ஒழுங்காக இழுக்கும் சுற்று) உள்ள நவீன பவர் சப்ளைகளில் சில, அந்த அலைக்கு மாறும் நொடியில் முரண்டு பிடித்து அணைந்துவிடும். எதற்காக வாங்கினோமோ அதே நொடியில்! சுத்த சைன் அலை தரும் 1 கேவிஏ யூபிஎஸ் வாங்கினோம். உள்ளே ஈய பேட்டரி. இவ்வளவு மில்லிமீட்டர் பார்த்துக் கட்டிய கணினியைவிட அதைத் தூக்குவதுதான் இப்போது சிரமம். பட்ஜெட்டில் அதற்கு இடமே வைக்காமல் விட்டது என் தவறு, கையிலிருந்து தனியாகப் போட்டான்.

ஆவணியில்

முதல் முகூர்த்தத்துக்கு நானும் போனேன், பந்திக்காகவும்தான். அறையில் தெர்மாமீட்டர் 35 காட்டியது. மூன்று கேமராவும் விக்கலில்லாமல் ஓடின. வெட்டும்போது புராசஸர் பாதிகூட உழைக்கவில்லை. கடைசி ரெண்டரில் புராசஸர் 83 டிகிரி, கார்டு 72. வீட்டில் ஏசி போட்டுப் பார்த்ததைவிட ஒன்பது பத்து டிகிரி அதிகம். ஆறு மணிக்கு முன்பே படம் பென் டிரைவில் இருந்தது. பெண்ணின் பெரியம்மா மூன்று இடத்தில் வந்தார்.

ஐப்பசி கடைசியில் தம்பி போன் செய்தான். சத்தம் கூடியிருக்கிறது, அடி ஃபேன் போய்விட்டது போலிருக்கிறது என்றான். போய்ப் பார்த்தேன். மண்டபத்தில் மேஜை கிடைக்காமல் நாலு கல்யாணமாகத் தரையிலேயே வைத்திருக்கிறான், அடியிலிருந்து காற்றை இழுக்கிற பெட்டியை. ஃபேனுக்கு ஒன்றும் இல்லை. அடி ஃபில்டரைக் கழற்றினால் கம்பளித் துணி போலத் தூசி, நடுவே காய்ந்த மல்லிகை, அப்புறம் மஞ்சள் தடவிய அட்சதை ஒரு பிடி. கழுவி மாட்டிவிட்டு, அடியில் வைக்க ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.